மழலைக்குள் வீட்டு மொழி எப்போது நுழைகிறது? பாரிஸ் செவிச் சோதனை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

எட்டு மாதக் குழந்தை ஒன்று ‘பபபபா’ என்கிறது. அதன் ஒலிப்பதிவை மட்டும் கேட்டு, அந்த வீட்டில் பேசும் மொழி எது என்று சொல்ல முடியுமா? பெனெடிக்ட் த ப்வாசோன்-பார்டி, லோரான் சகார், காத்ரின் துரான் ஆகிய மூவரும் 1984இல் பாரிஸிலிருந்து வெளியிட்ட ஆய்வு, முடியும் என்றது. மறு ஆண்டே அமெரிக்காவிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, முடியவில்லை என்றது. இரண்டுமே பொறுப்போடு செய்த சோதனைகள். ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றொன்றை ஏற்றுக்கொள்ள வழியில்லை.

அந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது என்று இங்கே பிரித்துப் பார்க்கிறோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு வயதுக்குள் சுற்றுமொழி, அதாவது குழந்தையைச் சுற்றிப் பேசப்படும் மொழி, அதன் வாயில் புதிய ஒலிகளைக் கொண்டுவந்து சேர்ப்பது அரிது. எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கும் ஒலிகளின் விகிதத்தையும் நீளத்தையும் ஏற்ற இறக்கத்தையும் சற்றே சாய்க்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒலிகளைப் பட்டியல் போடுபவருக்கு மொழி தென்படாது. விகிதத்தை எண்ணுபவருக்கும், தாளமும் ஏற்ற இறக்கமும் ஆகிய பேச்சின் இசையைக் கேட்பவருக்கும் தென்படும்.

பின்னணி

1941இல் மொழியியலாளர் ரோமன் யாக்கொப்சன் முன்வைத்த கருத்து பல பத்தாண்டுகள் செல்வாக்கோடு இருந்தது. மழலையில் உலக மொழிகளின் எல்லா ஒலிகளும் வந்துபோகும். பிறகு அவை உதிர்ந்துவிடும். அதன் பின்னரே உண்மையான மொழி ஒலிகள் ஓர் ஒழுங்கில் தொடங்கும் என்றார் அவர். இதன்படி மழலைக்கும் மொழிக்கும் தொடர்பே இல்லை. 1958இல் உளவியலாளர் ரோஜர் பிரவுன் எதிர்த்திசையில் ஒரு கருதுகோளை வைத்தார். மழலை மெல்ல மெல்ல வீட்டு மொழியின் பக்கம் நகர்கிறது என்பது அது. பாரிஸ் சோதனை இதைத்தான் உரசிப் பார்த்தது.

ஒலிப்பதிவுக் கருவி எளிதில் கிடைக்கத் தொடங்கியதும் யாக்கொப்சனின் முதல் கூற்று நிற்கவில்லை. மழலையில் எல்லா ஒலிகளும் வருவதில்லை. ஆங்கிலச் சூழலில் வளரும் ஒரு வயதுக் குழந்தைகளின் மழலையைத் தொகுத்துப் பார்த்தால், மெய்யொலிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பன்னிரண்டே ஒலிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இதழ், பல், பின்நாக்கு ஆகிய இடங்களில் பிறக்கும் வெடிப்பொலிகள், ‘ம’, ‘ந’ போன்ற மூக்கொலிகள், ‘ய’, ‘வ’ போன்ற இடையொலிகள், அவற்றோடு ‘ஹ’, ‘ஸ’. பிற மொழிச் சூழல்களிலும் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை.

எல்லோருக்கும் பொதுவான பாதை

சுற்றுமொழியின் தடயத்தைத் தேடுபவர் முதலில் எது பொதுவானது என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடலின் வேலையை மொழியின் வேலை என்று எழுதிவிடுவோம்.

முதல் இரண்டு மாதங்களில் அழுகை, முனகல், உயிரொலி போன்ற சிறு குரல்கள். பிறந்த குழந்தையின் நாக்கு வாயை அடைத்துக்கொண்டிருக்கும், குரல்வளை மேலே ஏறி நிற்கும், அதனால் ஒலியை வடிவமைக்க இடமே இல்லை. இரண்டாம் மாதத்திலிருந்து தொண்டையின் பின்புறத்தில் ‘க்கூ’, ‘ங்ஙு’ போன்ற கூவல்கள் எழுகின்றன. நான்காம் மாதத்தை ஒட்டிக் கீச்சிடல், உறுமல், உதடுகளை அதிரவிட்டு எச்சில் தெறிக்க எழுப்பும் ஒலி எனக் குழந்தை தன் குரலையே சோதித்துப் பார்க்கிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் ஆறாம் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதத்துக்குள் தெளிவான அசைகள் வந்துவிடும். ‘பாபா’, ‘தாதா’, ‘மாமா’ என்று வீட்டார் இனங்காணும் கட்டம் இதுதான். இதை இனி ‘அசை மழலை’ என்போம்.

அசை மழலைக்குக் கறாரான வரையறை உண்டு. கிம்ப்ரோ ஆலர் வகுத்த வரையறைப்படி, குறைந்தது ஒரு மெய்யொலியும் முழு ஒத்ததிர்வுள்ள (தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் சில அதிர்வெண்களை வலுப்படுத்துவதே ஒத்ததிர்வு) ஓர் உயிரொலியும் இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும் நேரம் ஏறத்தாழ 25 முதல் 120 மில்லிசெகண்டுக்குள்ளும், முழு அசை 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள்ளும் அமைய வேண்டும். இந்த நகர்வு நீண்டுவிட்டால் ‘ம்ம்ம்ஆஆ’ என்று இழுபடும். அது ‘மா’ போலக் கேட்டாலும் அசை மழலைக் கணக்கில் சேராது. பயிற்சி இல்லாதவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

அசைகள் ஏன் இந்த வடிவில் பிறக்கின்றன? பீட்டர் மக்நீலேஜும் பார்பரா டேவிஸும் தரும் விளக்கம் எங்களுக்கு ஏற்புடையது. குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது தாடை மேலும் கீழும் ஆடுகிறது. மூடும்போது மெய், திறக்கும்போது உயிர். நாக்கு தன்னிச்சையாக அசைவது குறைவு என்பதால், அது எங்கே கிடக்கிறதோ அந்த இடத்தின் மெய்யும் உயிரும் ஒன்றாகவே வரும். நாக்கு முன்னே இருந்தால் ‘தெ’, ‘தி’ போன்றவை, பின்னே இருந்தால் ‘கு’, ‘கொ’ போன்றவை, நடுவில் சும்மா கிடந்தால் ‘பா’, ‘மா’. இந்த மூன்று இணைப்புகளும் விதிவிலக்குகளோடு பல மொழிச் சூழல்களில் பதிவாகியுள்ளன. ‘அம்மா’ போன்ற சொற்களைக் குழந்தை முதலில் சொல்வது மொழியறிவுக்குச் சான்று என்று வாதிட முடியாமல் போவதும் இதனால்தான். தாடை ஆடினால் ‘மமமா’ வந்தே தீரும்.

பாரிஸ் சோதனையின் அமைப்பு

பிரெஞ்சு, அரபு, கான்டனீஸ் (ஹாங்காங்கில் பேசும் சீன மொழி) ஆகிய மூன்று மொழிச் சூழல்களில் வளரும் குழந்தைகள். வயது 6, 8, 10 மாதம். மழலைப் பதிவுகளைப் பிரெஞ்சு–அரபு, பிரெஞ்சு–கான்டனீஸ் என இணைகளாக்கிப் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். இணையில் எது பிரெஞ்சுக் குழந்தை என்பது மட்டுமே கேள்வி.

8 மாதப் பதிவுகளில் ஒலியியல் பயிற்சி இல்லாதவர்களே தற்செயலைத் தாண்டிய அளவில் சரியாகச் சொன்னார்கள். இதைவிட முக்கியமானது எந்தப் பதிவுகளில் சரியாகச் சொன்னார்கள் என்பது. நீண்டு, அறுபடாத ஏற்ற இறக்கத்தோடு ஓடிய மழலைத் தொடர்களில் அடையாளம் காண்பது கைகூடியது. வயது கூடிய குழந்தைகளிடம் மெய்யும் உயிரும் தெளிவாக இருந்தன. ஆனாலும் அந்தத் தனித்தனி ஒலிகள் கேட்டவர்களுக்கு உதவவில்லை. குழந்தை வளர வளர மொழி தெளிவாகும் என்று எதிர்பார்த்திருந்தவர்களுக்கு இது வியப்பான முடிவு. 10 மாதக் குழந்தை குறுகிய, வெட்டி வெட்டி வரும் அசைகளில் கவனம் செலுத்தத் தொடங்கும்போது நீண்ட இசைத்தொடர் குறைந்துபோகிறது. கேட்பவர் பற்றிக்கொள்ளும் இழையும் அதோடு அறுபடுகிறது.

எதிர்ச் சோதனை

1985இல் தெவெனின், ரெபேக்கா ஐலர்ஸ், ஆலர் உள்ளிட்ட குழு ஆங்கிலம், ஸ்பானிஷ் ஆகிய இரண்டு சூழல்களை எடுத்துக்கொண்டது. வயது 7 முதல் 10, 11 முதல் 14 மாதம் என இரு பிரிவு. கேட்டவர்கள் இரண்டு மொழிகளும் அறிந்த பெரியவர்கள். அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே, வீட்டு மொழியின் பக்கமான அந்த நகர்வு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் மூன்று வேறுபாடுகள் தெரிகின்றன. முதலாவது, அமெரிக்கக் குழு மிகக் குறுகிய துண்டுகளைப் பயன்படுத்தியது. இரண்டு மூன்று அசைகளில் ஏற்ற இறக்கம் ஒரு வடிவம் எடுப்பதற்குள் பதிவு முடிந்துவிடும். பாரிஸ் குழு கண்ட தடயம் நீண்ட தொடர்களில்தான் இருந்தது. அதை வெட்டியெடுத்த பிறகு தேடினால் கிடைக்காது. இரண்டாவது, மொழி இணை. கான்டனீஸில் ஒவ்வோர் அசைக்கும் சொல்லின் பொருளையே மாற்றும் தொனி, அதாவது சுருதி வடிவம், உண்டு. பிரெஞ்சில் தொடரின் கடைசி அசை நீளும், அதற்கு முந்தைய அசைகள் ஏறத்தாழச் சம நீளத்தில் ஓடும். இவ்வளவு தொலைவில் உள்ள இரண்டைப் பிரிப்பதையும், சொல்லழுத்தம் கொண்ட ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் பிரிப்பதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மூன்றாவது, பதிவுத் தேர்வு. நீண்ட, இசைவான தொடர்களைத் தேர்ந்தெடுத்தால் தடயம் கூடித் தெரியும். தற்செயலாக எடுத்தால் கீச்சிடலும் முனகலும் சேர்ந்து அதை மூழ்கடிக்கும். எது சரியான தேர்வு என்பது கேள்வியைப் பொறுத்தது. ‘தடயம் இருக்கவே முடியாதா’ என்றால் முதல் வழி, ‘அன்றாட மழலையில் எவ்வளவு’ என்றால் இரண்டாவது.

2017இல் ஆலர் பங்கேற்ற இன்னொரு குழு, ஆங்கிலமும் சீனமும் பேசும் சூழல்களில் 8, 10, 12 மாதக் குழந்தைகளை ஆராய்ந்து, சுற்றுமொழியின் தாக்கம் மிக நுண்ணியது என்று எழுதியது. ‘இல்லை’ என்பதிலிருந்து ‘நுண்ணியது’ என்பதற்கு வந்த இந்த நகர்வை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

எழுதுபவரின் காது செய்யும் பிழை

பெரியவர்களைக் கேட்கவைப்பதற்குப் பதிலாக, ஒலிகளைக் குறியீடுகளில் எழுதி எண்ணலாமே என்று தோன்றும். இந்த வழியில்தான் மிக மோசமான பிழை ஒளிந்திருக்கிறது.

வெடிப்பொலியில் வாய் திறந்த கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையே ஒரு கால இடைவெளி உண்டு. மழலையில் வரும் வெடிப்பொலிகளில் பெரும்பாலானவற்றில் இது 0 முதல் 30 மில்லிசெகண்டுக்குள் இருக்கும். அதைக் கட்டுப்படுத்தும் திறன் குழந்தைக்குப் பின்னர்தான் வருகிறது. ஆங்கிலச் செவி இந்தக் குறுகிய இடைவெளியை ‘பந்தம்’ (உறவு) என்ற சொல்லின் தொடக்கத்தில் வரும் அதிர்வுள்ள ஒலியாக வகைப்படுத்தும். அம்மொழியின் அதிர்வற்ற ஒலிக்கு இதைவிட நீண்ட இடைவெளியும் மூச்சும் தேவை. பிரெஞ்சு, ஸ்பானிஷ் செவிகளோ அதே ஒலியை ‘பல்’ என்ற சொல்லின் தொடக்கத்தில் வருவதாகக் கேட்கும். அம்மொழிகளில் அதிர்வுள்ள ஒலிக்கு வாய் திறக்கும் முன்பே குரல்நாண் அதிர வேண்டும். விளைவு: ஒரே ஒலியை ஆங்கிலக் குழு ஒரு விதமாகவும் பிரெஞ்சுக் குழு வேறு விதமாகவும் எழுதி, இரு நாட்டுக் குழந்தைகளின் மழலை வேறுபடுகிறது என்று அறிக்கை தரும். வேறுபட்டது எழுதியவரின் காது.

தமிழ்ச் செவிக்கும் இந்தச் சாய்வு உண்டு. இரு உயிர்களுக்கு இடையே தனித்து வரும் வல்லினம் மெலிந்து அதிரும் என்று எதிர்பார்த்தே நாம் கேட்கிறோம். ‘பபபா’வின் முதல் ஒலியையும் அடுத்ததையும் வேறாகக் கேட்டுவிட்டு, இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதிவிடுவோம். தமிழ் எழுத்தில் மழலையைக் குறித்தால் அதிர்வு பற்றிய தகவல் முழுவதும் போய்விடும். அகில உலக ஒலியெழுத்து வரிசைதான் வேண்டும். அதிலும், காதால் எழுதுவது ஒலி பிறக்கும் இடம், ஒலிக்கும் முறை ஆகிய இரண்டோடு நிற்கட்டும். அதிர்வை, ஒலியலையைப் படமாகக் காட்டும் அலைவரைவில் மில்லிசெகண்டாக அளக்க வேண்டும். வேறு வேறு தாய்மொழி கொண்ட இருவர் தனித்தனியே எழுதி, குறைந்தது 20 விழுக்காட்டுப் பகுதியை ஒப்பிட்டு, உடன்பாட்டு விகிதத்தை இடம், முறை, உயிர் எனப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரே மொத்த எண்ணாகக் கொடுத்தால், உயிரொலியில் உள்ள மோசமான உடன்பாட்டை இதழொலியில் உள்ள நல்ல உடன்பாடு மறைத்துவிடும்.

உயிரொலியை அளப்பது

காதை நம்ப முடியாத இடத்தில் கருவி கைகொடுக்கும் என்று 1989இல் அதே பாரிஸ் குழு, பியேர் ஆலேயையும் சேர்த்துக்கொண்டு, உயிரொலிகளை அளந்தது. 10 மாதக் குழந்தைகள் 20 பேர். பாரிஸ், லண்டன், ஹாங்காங், அல்ஜியர்ஸ் ஆகிய நகரங்களில் அவரவர் ஊரிலேயே ஒரே நடைமுறையில் பதிவு. உயிரொலிகளின் முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் மொழிச் சூழலுக்கு ஏற்ப வேறுபட்டன. அந்த வேறுபாடு அந்தந்த மொழி பேசும் பெரியவர்களின் உயிரொலி வேறுபாட்டுக்கு இணையாக இருந்தது. செவிச் சோதனையில் 10 மாத ஒலிகள் கேட்பவர்களுக்கு உதவாததையும் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தடயம் இருக்கிறது. ஆனால் அது பல நூறு உயிரொலிகளின் சராசரியில் தெரியும் சாய்வு. ஓர் உயிரொலியைக் கேட்டுப் பிடிக்கக் கூடியது இல்லை.

இந்த அளவீட்டின் இடர்ப்பாட்டை விரிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் மென்பொருள் தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள் இன்றும் நிறையப் பேர். வளர்ந்த ஆணின் குரல்வளையிலிருந்து உதடு வரை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். கைக்குழந்தைக்கு 8 சென்டிமீட்டர் அளவுதான். ஒருபுறம் மூடிய குழாயின் முதல் ஒத்ததிர்வு, ஒலியின் வேகத்தைக் குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். பெரியவருக்கு 500 ஹெர்ட்ஸ் வரும் இடத்தில் குழந்தைக்கு 1,100 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். இரண்டாவது அதன் மூன்று மடங்கு, அதாவது 3,300 ஹெர்ட்ஸ் அளவில். பெரியவர் குரலுக்கு அமைத்த எல்லையில் (ஒலியை அளக்கும் பிராத் மென்பொருளில் 5,000 அல்லது 5,500 ஹெர்ட்ஸுக்குள் ஐந்து ஒத்ததிர்வு) குழந்தைக் குரலை அளந்தால், இல்லாத ஒத்ததிர்வுகளை அது கண்டுபிடித்துக் கொடுக்கும். உச்ச எல்லையை 8,000 ஹெர்ட்ஸாக உயர்த்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த சிக்கலுக்கு அமைப்பை மாற்றுவதால் தீர்வு கிடையாது. குழந்தையின் அடிப்படைச் சுருதி (குரல்நாண் அதிரும் வேகம்) பெரும்பாலும் 300 முதல் 500 ஹெர்ட்ஸ். 400 என்று வைத்துக்கொண்டால் ஒலியின் ஆற்றல் 400, 800, 1,200, 1,600 என்ற புள்ளிகளில் மட்டுமே இருக்கும். உண்மையான ஒத்ததிர்வு 1,000இல் இருந்தால் அதைக் காட்ட அங்கே ஆற்றலே இல்லை. கருவி 800ஐயோ 1,200ஐயோ பிடித்துக்கொள்ளும். பிழை 200 ஹெர்ட்ஸ் வரை போகலாம். நாம் தேடும் மொழி வேறுபாடு அதைவிடச் சிறியதாக இருக்கக்கூடும். ஆகவே 450 ஹெர்ட்ஸுக்கு மேல் சுருதி உள்ள உயிரொலிகளை விட்டுவிடுவது நல்லது. சுருதி நழுவிச் செல்லும் உயிரொலிகளில் நடுப்பகுதியில் பல இடங்களில் அளந்து இடைநிலை மதிப்பை எடுக்கலாம், ஏனெனில் நழுவும் சுருதி ஒத்ததிர்வின் வடிவத்தைத் தானே வருடிக் காட்டும். குழந்தைகளுக்கிடையே குழாய் நீளம் வேறுபடுவதால் தனி மதிப்புகளைவிட இரண்டாவதை முதலாவதால் வகுத்த விகிதம் ஒப்பிட ஏற்றது.

மெய்யொலி: விகிதம் சாய்வது

1991இல் ப்வாசோன்-பார்டியும் மெரிலின் வீமனும் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜப்பானியம், ஸ்வீடிஷ் ஆகிய நான்கு சூழல்களில், சூழலுக்கு 5 குழந்தைகள் வீதம், முதல் சொல்லுக்கு முந்தைய கட்டத்திலிருந்து ஓர் அமர்வில் ஏறத்தாழ 25 சொற்கள் வரும் கட்டம் வரை தொடர்ந்து பதிவு செய்தார்கள். நான்கு சூழல்களிலும் இதழொலி, பல்லொலி, வெடிப்பொலி, மூக்கொலி எல்லாம் இருந்தன. விகிதம்தான் மாறியது. இதழொலி நிறைந்த சொற்கள் கொண்ட பிரெஞ்சுச் சூழலில் குழந்தைகளின் இதழொலி பங்கு உயர்ந்திருந்தது. ஜப்பானிய, ஸ்வீடிஷ் சூழல்களில் பல்லொலி பக்கம் சாய்வு. இந்தச் சாய்வு சொற்கள் தொடங்கும் முன்பே மழலையில் இருந்தது என்பதுதான் கண்டுபிடிப்பு.

இங்கே கணக்கில் நடக்கும் தவறு ஒன்றைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் பிடித்தமான ஒன்றிரண்டு மெய்கள் உண்டு, வாரக்கணக்கில் அவற்றையே திரும்பத் திரும்பச் சொல்லும். ஒரு சூழலில் ஐந்து குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் ஆளுக்கு 200 மெய்கள் சொல்கிறார்கள், அதில் 30 விழுக்காடு இதழொலி. ஐந்தாவது வாயாடிக் குழந்தை 1,200 மெய்கள் சொல்கிறது, 70 விழுக்காடு இதழொலி. எல்லாவற்றையும் கொட்டி எண்ணினால் 2,000இல் 1,080, அதாவது 54 விழுக்காடு. குழந்தைவாரியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் 38 விழுக்காடு. முதல் எண்ணை வெளியிட்டால் ஒரு குழந்தையின் விருப்பம் ஒரு மொழியின் பண்பாக அச்சேறிவிடும். குழந்தைவாரிச் சராசரியே சரி. ஒவ்வொரு குழந்தையின் எண்ணையும் தனியே கொடுக்கவும் வேண்டும்.

தாளமும் இதே ஆண்டில் அளக்கப்பட்டது. ஆண்ட்ரியா லெவிட், சி வாங் இருவரும் பிரெஞ்சு, ஆங்கிலச் சூழல்களில் தலா 5 குழந்தைகளின் இரட்டித்த மழலையை (ஒரே அசை திரும்பத் திரும்ப வருவது) எடுத்து அசை நீளங்களை அளந்தார்கள். பிரெஞ்சுக் குழந்தைகளிடம் கடைசி அல்லாத அசைகளின் நீளம் சீராகவும், கடைசி அசையின் நீட்சி தெளிவாகவும் இருந்தது. சுருதியை ஆராய்ந்தபோது ஆங்கிலக் குழந்தைகளிடம் இறங்கும் வடிவம் ஓங்கியிருந்தது. பிரெஞ்சுக் குழந்தைகளிடம் ஏறுவதும் இறங்குவதும் கிட்டத்தட்டச் சமம்.

காது முன்னே, வாய் பின்னே

இசை முதலில், உயிர் பிறகு, மெய் அதற்குப் பிறகு என்ற இந்த வரிசைக்குக் காரணம் கேட்கும் திறனின் வரலாற்றில் இருக்கிறது. கருவில் கடைசி மூன்று மாதங்களில் குழந்தைக்குக் காது கேட்கும். தாயின் உடல் உயர் அதிர்வெண்களை மட்டுப்படுத்திவிடும், தாழ் அதிர்வெண்கள் உள்ளே போகும். மெய்களைப் பிரிக்கும் நுணுக்கம் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில். தாளமும் ஏற்ற இறக்கமும் தாழ்ந்தவற்றில். ஆகவே குழந்தை பிறக்கும்போதே இசையை அறிந்திருக்கிறது. 2009இல் காத்லீன் வெர்ம்கே உள்ளிட்ட குழு, பிறந்து சில நாளே ஆன 30 பிரெஞ்சு, 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையை அளந்து, பிரெஞ்சு அழுகை ஏறுமுகமாகவும் ஜெர்மன் அழுகை இறங்குமுகமாகவும் இருப்பதாகக் கூறியது. அழுகையில் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாடு மொழி வேறுபாட்டை விழுங்கிவிடும் என்ற மறுப்பும் எழுந்தது. எங்கள் பார்வையில் இது இன்னும் முடியாத வழக்கு. மற்றச் சான்றுகளுக்கு இணையாக இதை வைக்க மாட்டோம்.

உயிரொலிக் கேள்வியில் சான்று உறுதியானது. பட்ரீசியா கூல் தலைமையில் 1992இல் வெளியான ஆய்வில் 6 மாத அமெரிக்க, ஸ்வீடிஷ் குழந்தைகள் தத்தம் மொழியின் உயிரொலியை அளவுகோலாக வைத்தே கேட்டார்கள். மெய்யில் மாற்றம் இன்னும் தாமதம். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் இந்தியின் பல்லொலிக்கும் வளைநாவொலிக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலச் சூழல் குழந்தைகளுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். தமிழில் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் உள்ள வேறுபாடு போன்றது அது. 6 முதல் 8 மாதத்தில் பெரும்பாலோர் பிரித்தறிந்தார்கள், 10 முதல் 12 மாதத்தில் வெகு சிலரே. இந்திச் சூழலில் வளர்ந்த குழந்தைகள் அந்த வயதிலும் பிரித்தார்கள். வளைநாவொலி உள்ள மொழியில் வளரும் குழந்தை அதை ஒரு வயதுக்குள் காதில் உறுதியாக்கிக்கொள்கிறது, வாயில் வர நாளாகும். மழலையில் ‘ட’ இல்லை என்பதை வைத்துக் குழந்தைக்கு ‘ட’ தெரியாது என்று முடிவு செய்யக் கூடாது.

கேட்டால் மட்டும் போதுமா? 2003இல் கூலின் குழு 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் என்ற சீன மொழியைப் பேசிக்காட்டியது. நேரில் பேசியவரிடம் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் மெய் வேறுபாட்டைப் பிரித்தறிந்தார்கள். அதே பேச்சைத் தொலைக்காட்சியிலோ ஒலிப்பதிவிலோ கேட்டவர்களுக்குப் பயனில்லை. ஒலி எழுப்பும் பக்கத்தில் மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் ஜெனிஃபர் ஷ்வேடும் 2008இல் இதற்கு இணையான ஒன்றைக் காட்டினார்கள். ஒன்பதரை மாதக் குழந்தை மழலை பேசிய உடனே தாய் பதில் குரல் கொடுத்தால், அந்தப் பதிலின் ஒலி வடிவம் சிறிது நேரத்திலேயே மழலையில் கூடியது. அதே பதில் நேரம் தவறி வந்தபோது கூடவில்லை. விகிதம் சாய்வதற்கான பொறிமுறை இதுவாக இருக்கலாம் என்பது எங்கள் கணிப்பு.

மீண்டும் செய்ய நினைப்பவருக்கு

மைக்கை உடையில் மார்புப் பகுதியில், வாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டரில் பொருத்துங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், சுருக்கப்படாத கோப்பு. தானாக ஒலியளவைச் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். எல்லா மொழிச் சூழலிலும் ஒரே கருவி, ஒரே வகை அறை. ஒரு நாட்டுப் பதிவில் மட்டும் எதிரொலி இருந்தால் கேட்பவர் மொழியை விட்டுவிட்டு அறையை அடையாளம் காண்பார். பின்னணியில் தாய் பேசும் அரைச் சொல்கூடச் சோதனையைக் கெடுத்துவிடும்.

அழுகை, சிரிப்பு, ஏப்பம், விக்கல், வாயில் பொம்மையோ கையோ இருக்கும்போது வந்த ஒலி எல்லாம் நீக்கத்தக்கவை. கடைசியாகச் சொன்னதைக் காண வீடியோ வேண்டும். பொம்மையைக் கடித்தபடி குரலெழுப்பினால் இல்லாத இதழொலி பதிவாகும். செவிச் சோதனைக்குத் துண்டுகள் 10 முதல் 15 வினாடி. ஒரு செவியாளருக்கு 40 இணைகள் கொடுத்தால், தற்செயலாக அவ்வளவு சரியாக அமையும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க (புள்ளியியலில் ஒருபக்கச் சோதனை) 26 சரியான விடை வேண்டும். செவியாளர்களைக் கூட்டிக்கொண்டே போவதால் வலு கூடிவிடாது. எத்தனை குழந்தைகளின் குரல் இருக்கிறது என்பதுதான் அடிப்படை. மூன்று குழந்தைகளின் குரலை நூறு பேர் சரியாகக் கண்டாலும், நிரூபணமாவது அந்த மூன்று குழந்தைகளைப் பற்றி மட்டுமே.

இரு மொழி வீடுகளும் மருத்துவ முடிவும்

அசை மழலை தொடங்கும் வயது மொழிச் சூழலைச் சார்ந்ததில்லை. ஆலர், ஐலர்ஸ் குழு 1997இல் ஆங்கிலமும் ஸ்பானிஷும் கேட்டு வளரும் குழந்தைகளை ஒரு மொழிக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது தாமதம் எதுவும் இல்லை. செவித்திறன் அப்படியல்ல. அதே இருவரின் 1988 ஆய்வில் காது கேட்கும் குழந்தைகள் எல்லோரும் 10 மாதத்துக்குள் அசை மழலைக்கு வந்தார்கள். கடுமையான செவித்திறன் குறைபாடுள்ள குழந்தைகளில் ஒருவர்கூட 11 மாதத்துக்கு முன் வரவில்லை.

ஆகவே பத்து மாதம் முடிந்தும் அசை மழலை இல்லாத குழந்தையின் பெற்றோரிடம் ‘வீட்டில் இரண்டு மொழி, குழம்பிப்போயிருக்கும்’ என்று சொல்லிக் காத்திருக்கச் செய்வது கண்டிக்கத்தக்கது. முதலில் செவிப் பரிசோதனை. பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் மீண்டும் செய்ய வேண்டும், ஏனெனில் குறைபாடு பின்னரும் தோன்றலாம், நடுக்காதில் நீர் கோத்தும் இருக்கலாம். மதிப்பீட்டுக்கு அரைமணி நேரப் பதிவு, வீட்டில், குழந்தை விழிப்போடும் பசியின்றியும் இருக்கும் வேளையில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை. வந்த அசைகள் எல்லாவற்றையும் எண்ணி, அதில் வரையறைக்குப் பொருந்தும் அசைகளின் பங்கைக் காணுங்கள். 0.15, அதாவது 100 அசைகளுக்கு 15, என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. குழந்தையோடு எந்த மொழியில் விளையாடிக்கொண்டிருந்தபோது எடுத்தது என்பதையும் குறித்துவையுங்கள். இரு மொழிக் குழந்தையை ஒரு மொழியில் மட்டும் பதிவு செய்துவிட்டு மெய்களின் விகிதத்தை ஒரு மொழிக் குழந்தைகளின் அட்டவணையோடு ஒப்பிடக் கூடாது. 0.15 என்ற எல்லைக்கு அந்தத் தடை இல்லை. எந்த வீட்டு மொழிக்கும் அதை அப்படியே பயன்படுத்தலாம்.